"தண்ணி விடாதே!" என்று கத்தும் முன்

கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளில் சைட் இன்ஜினியர் வாயிலிருந்து அதிகம் வருவது "தண்ணி விடாதே!" தண்ணீர் கூடினால் கான்கிரீட் பலம் குறையும் என்பது அவர் கவலை. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் வாளி கவிழும். இதை ஒழுங்கீனம் என்று நினைப்பவருக்குக் கத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கலவை ஏன் இறுகுகிறது என்று தெரிந்தவருக்கு நாலு வழி உண்டு.

கொத்தனார் சோம்பலில் தண்ணீர் கேட்பதில்லை. இறுகிய கலவை கம்பிக்குள் இறங்காது, மண்வெட்டிக்கும் நகராது. வெயிலில் கிடந்த ஜல்லி தண்ணீரைக் குடித்திருக்கலாம். எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) தூள் அதிகமாக இருக்கலாம். பிளான்டில் கலந்து வரும் ரெடிமிக்ஸ் வண்டி வழியில் மாட்டியிருக்கலாம். ஜல்லியை முந்தின நாள் மாலையே நனைத்து வைத்தால் முதல் சிக்கல் தீர்ந்தது. வண்டி தாமதமா? ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) பாருங்கள், குறைந்திருந்தால் பிளான்ட் ஆளிடம் சொல்லி, தண்ணீர் விடாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்க வைத்து, டிரம்மைச் சில நிமிடம் வேகமாகச் சுற்றவிடுங்கள். ஏற்றி இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் திருப்பி அனுப்புவதுதான் சரி. 6 கனமீட்டர் வண்டியில் 60 லிட்டர் தண்ணீர் விட்டால் கனமீட்டருக்கு 10 லிட்டர் கூடுகிறது. சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய எம் 25 கான்கிரீட்டில், அதில் தோராயமாக 2 முதல் 3 நியூட்டன் பலம் போய்விடும். இந்தக் கணக்கை மேஸ்திரியிடம் ஒருமுறை உட்கார்ந்து சொன்னால் போதும், அடுத்த வண்டிக்கு வாளியை அவரே தடுப்பார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மழைக்கு மறுநாள் சைட் மிக்சரில், "மூட்டைக்கு 25 லிட்டர்" என்று பிடிவாதம் பிடிக்கும் இன்ஜினியரைவிட, "கொழகொழன்னு வருது சார்" என்று சொல்லும் மிக்சர்காரர்தான் சரி. மூட்டைக்கு 80 கிலோ மணல், அதில் 5 சதவீதம் ஈரம் என்றால் 4 லிட்டர் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. 21 லிட்டர் விட்டால் போதும்.

படிப்பு இல்லாமல் தலைமை தாங்கினால் எங்கே உயிருக்கே ஆபத்து என்றால், பால்கனியிலும் சன்ஷேடிலும்தான். அங்கே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் நடந்தால் கீழே அமுங்கிவிடும். வெளியே பார்க்க எல்லாம் அழகாக இருக்கும். அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிக்கும்போதுதான் தெரியும். "மிதிக்காதே" என்றால் நடக்குமா? சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வேறெங்கே கால் வைப்பது? மேல் கம்பியைத் தாங்க மீட்டருக்கு ஒன்றாவது சேர் கம்பி வைத்து, நடக்கப் பலகை போட்டுக் கொடுப்பது இன்ஜினியர் வேலை. அதைச் செய்யாதவருக்குத் திட்டும் உரிமை கிடையாது என்பது என் கருத்து.

தெரியும் என்பதற்காகக் கரண்டியைப் பிடுங்கவும் கூடாது. மட்டம் பார்ப்பதில் கொத்தனார் கை நம்மைவிடப் பழகியது. கம்பி கட்டுபவர் "இந்த ஜங்ஷன்ல கை போகல சார்" என்றால் வரைபடத்தை நீட்டாமல் இறங்கிப் பாருங்கள். பீமும் தூணும் சேரும் இடத்தில் கம்பிகளுக்கு நடுவே 25 மி.மீ. இடைவெளிகூட இல்லாவிட்டால் 20 மி.மீ. ஜல்லி சிக்கி நிற்கும், 40 மி.மீ. வைப்ரேட்டர் ஊசி நுழையவே நுழையாது. சென்ட்ரிங் பிரித்தால் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். டிசைனரைக் கேட்டுக் கம்பி ஜாயிண்டை இடம் மாற்றுவது, அந்த இடத்துக்கு மட்டும் 12 மி.மீ. ஜல்லி, மெல்லிய ஊசி என்று முதல் நாளே ஏற்பாடு செய்வது, இதெல்லாம் அவர் சொன்னதைக் காதில் வாங்கினால்தான் நடக்கும்.

கடைசிச் சண்டை, கான்கிரீட்டுக்கு அடியில் வைக்கும் சென்ட்ரிங் தகடு பற்றி. அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்று காண்டிராக்டர் நெருக்குவார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-ல், 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. ஆனால் முட்டுகளை உடனே திரும்ப நிறுத்துவதாக இருந்தால் தகட்டை 3 நாளில் எடுக்கலாம் என்றும் அதே பட்டியலில் இருக்கிறது. இதெல்லாம் ஓபிசி (சாதாரண) சிமெண்டுக்கு. பிபிசி (சாம்பல் போன்றவை கலந்த சிமெண்ட்) என்றால் இன்னும் சில நாள் கூட்டுங்கள். பட்டியல் தெரிந்தவர் தகட்டைக் கொடுத்து முட்டுகளை நிறுத்திக்கொள்வார். தெரியாதவர் ஒன்று எல்லாவற்றையும் மறுப்பார், இல்லை எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பார். பிரிக்கும்போது ஸ்லாபில் நடுவிலிருந்து ஓரத்துக்கு வர வேண்டும்; பால்கனியில் வெளிநுனியிலிருந்து சுவர்ப் பக்கம். தலைகீழாகப் பிரித்தால், ஸ்லாபில் மேலேயும் பால்கனியில் கீழேயும், கம்பி இல்லாத இடத்தில் கான்கிரீட் வளைந்து விரிசல் விடும்.