மாங்காய் மண்டி ஆப்பைச் சோதிக்கப் போனோம்

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மாங்காய் மண்டிகளுக்காக ஒரு ஆப் செய்தோம். எடைச்சீட்டு, அன்றைய டன் விலை, வர வேண்டிய பாக்கி எல்லாம் விவசாயியின் போனிலேயே தெரியும். வெளியிடும் முன் காவேரிப்பட்டணம் பக்கம் போய், ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

எத்தனை பேர் வேண்டும்? ஐந்து பேர் போதும் என்று, ஆப், இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். ஒருவரிடம் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியும், ஐந்து பேரிடம் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் அது ஒரே வகை ஆட்களுக்கு. தோட்டக்காரர் வேறு, மண்டிக் கணக்குப்பிள்ளை வேறு. அதனால் தோட்டக்காரர் நான்கு பேர், கணக்குப்பிள்ளை மூன்று பேர் என்று வைத்துக்கொண்டோம். ஜூன் மாதம், காலையில் லோடு இறங்கும் நேரம். யாரும் உட்கார மாட்டார்கள். எல்லாவற்றையும் மாலைக்கு மாற்றினோம்.

என்ன செய்யச் சொல்வது என்று எழுதுவதற்குத்தான் இரண்டு இரவு ஆனது. 'பரிவர்த்தனைகளில் நேற்றைய லோடைப் பாருங்கள்' என்று முதலில் எழுதி, நண்பனின் மாமாவிடம் ஒத்திகை பார்த்தோம். சட்டென்று தொட்டுவிட்டார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: பட்டனிலும் அதே சொல்தான் இருக்கிறது, அவர் எழுத்தைப் பார்த்துத் தொட்டிருக்கிறார். உடனே மாற்றினேன்: 'நேற்று மூன்று டன் பெங்களூரா மாங்காய் இறக்கினீர்கள். கைக்கு எவ்வளவு வர வேண்டும்?'

சோதனையில் முதல் தோட்டக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதை அமுக்கணும் தம்பி?" சொல்லிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் திட்டத்தில் எழுதியிருந்தபடி, "இப்ப மனசுல என்ன ஓடுதுன்னு வாய்விட்டுச் சொல்லுங்கண்ணா" என்று மட்டும் கேட்டேன். "பணம்னு எங்கயாச்சும் இருக்கான்னு தேடறேன்" என்றார். நான்கு பேரில் மூன்று பேர் 'பரிவர்த்தனைகள்' பட்டனைத் தொடவே இல்லை. ஒருவருடைய மகன் குறுக்கே வந்து போனை வாங்கித் தானே செய்து காட்டிவிட்டான். அதற்கு நாங்கள் யோசித்தே வைக்கவில்லை. அடுத்தவர் வீட்டில், எங்களில் ஒருவர் பிள்ளைகளிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்.

கணக்குப்பிள்ளைகள் மூவரும் கேட்டது ஒன்றுதான்: "கழிவை எங்கே போடுவது?" லோடில் கழித்துக்கொள்ளும் அளவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்கு ஆப்பில் இடமே இல்லை.

பட்டனை 'வர வேண்டிய பணம்' என்று மாற்றி, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கு வந்த இரண்டு விவசாயிகளிடம் காட்டினோம். இருவரும் நேராக அதைத்தான் தொட்டார்கள். கழிவுக்கான திரையை இப்போது வரைந்துகொண்டிருக்கிறோம்.