பத்து ரூபாய் ஸ்டாம்ப்பும் ஒரு மண்மேடும்

பழவேற்காடு ஏரிப் பக்கம் எங்கள் குப்பம். மழைக்காலத்தில் தரைப்பாலம் முழுகிவிட்டால் பிரசவ வலி வந்தவளைக்கூடப் படகில்தான் ஏற்ற வேண்டும். அதனால் உயர்மட்டப் பாலம் வருகிறது என்றதும் யாரும் எதிர்க்கவில்லை. வம்பு வந்தது, வேலைக்காக ஓடையின் குறுக்கே கொட்டிய மண்ணால். முகத்துவாரம் வழியாக ஏறிவரும் கடல் தண்ணீர் அந்த மேட்டோடு நின்றுவிட்டது. அப்பாவுக்குப் பாடு, அதாவது முறைவைத்து வலை போடும் வாய்ப்பு, வரும் நாளில் வலையில் பாசிதான் மிச்சம்.

பாலம் கட்டத் தரப்பட்ட கடலோர ஒழுங்குமுறை அனுமதி ஆணையில் இதற்கு நிபந்தனை இருக்கும் என்றார் தெரிந்த ஒருவர். சரி, நகல் வாங்கிவிடலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். இருந்த கோபத்தில் 'ஏன் மண் கொட்டினீர்கள்?' என்று எழுதித் தொலைத்தேன். 'விளக்கம் அளிக்க வழியில்லை' என்று ஒரே வரியில் பதில். தப்பு என்னுடையதுதான். இந்தச் சட்டத்தில் 'ஏன்' என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. காகிதத்தைக் கேட்க வேண்டும்.

அடுத்த மனுவில் அனுமதி ஆணை, நிபந்தனைப் பக்கங்கள், அவற்றைப் பின்பற்றியது பற்றிய அரையாண்டு அறிக்கை, இவற்றின் நகல் என்று மட்டும் எழுதினேன். 30 நாள் போயிற்று, பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்குக் கட்டணம் கிடையாது. அப்புறம்தான் கடிதம் வந்தது: 46 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், 92 ரூபாய் கட்டவும். தொகை பெரிதில்லை. ஆனால் கெடு தாண்டினால் பிரிவு 7(6)-இன்படி இலவசமாகத் தர வேண்டும். அதையே எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போனேன். "இதெல்லாம் எங்க தம்பி படிச்சீங்க?" என்று கேட்டபடியே கவரை நீட்டினார் எழுத்தர்.

மங்கலான ஜெராக்ஸ். மூன்றாம் பக்கத்தில் பாதி வரிகள்மேல் ரப்பர் முத்திரை. அதன் ஓரத்தில் ஆங்கிலத்தில் நான் தேடிய வரி: தற்காலிக மண்கரை நீரோட்டத்தைத் தடுக்கக் கூடாது, வேலை முடிந்ததும் அகற்ற வேண்டும். தூண்கள் எழும்பி மாதக் கணக்காகிறது. தளத்திலிருந்த பொறியாளர் இரண்டு முறை படித்துவிட்டுத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஜேசிபி வந்து ஒரு பக்க மண்ணை அள்ளியது. மறுபக்கம் இன்னும் கிடக்கிறது. அதற்கான மனுவில் ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று.