அடியில் இருப்பது தண்ணீரா, சேறா?

பனியாற்றுப் பக்கம் போவதற்கு முன்னால் எனக்குச் சோறு போட்டது போர் பாயின்ட் பார்க்கிற வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாலு இரும்புக் கம்பியும், தரைக்குள் கரண்ட் விட்டு மின்தடை பார்க்கும் ரெசிஸ்டிவிட்டி மீட்டருமாக மூன்று வருஷம் அலைந்திருக்கிறேன். நான் போவதற்கு முந்தின நாளே தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறவர் வந்து, ஏதோ ஓர் இடத்தில் கல் நட்டுவிட்டுப் போயிருப்பார். என் மீட்டரும் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே கை காட்டினால் மோர் கிடைக்கும். வேறு இடம் சொன்னால் வெறும் தலையாட்டல்தான். அங்கே எல்லோருக்கும் வேண்டியது ஒரே பதில்: 'இருக்கு.' அந்தப் பதிலைச் சீக்கிரம் சொல்லிப் பழகியிருந்தேன். மலைக்குப் போகும்போது அந்தப் பழக்கத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

முனைவர் பட்டத்துக்காக நான் போய்ச் சேர்ந்தது இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதி, சந்திரா ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றைக் கடக்க இரும்புக் கயிற்றில் தொங்கும் ஒரு பெட்டி. அதில் ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு மூட்டையாக அந்தக் கரைக்கு இழுப்பார்கள். பேட்டரி மூட்டை ஆற்றின் நடுவே ஆடிக்கொண்டு நின்றபோது, என் ஆராய்ச்சியே அங்கே தொங்குவதுபோல இருந்தது.

பனியாறு மலைமேல் சும்மா உறைந்து கிடப்பதில்லை. தன் எடையாலேயே நெளிந்தும், அடித்தரைமேல் வழுக்கியும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கோடையில் மேலே உருகும் நீர், வெடிப்புகளிலும் கிணறு போன்ற துளைகளிலும் விழுந்து அடிக்குப் போகும். அங்கே வடிய வழி போதாதபோது அழுத்தம் ஏறும், தரையின் பிடி தளரும், பனியாறு வேகமெடுக்கும். கோடை முற்ற முற்ற அந்த நீரே பனியைக் குடைந்து தனக்கு வாய்க்கால் அமைத்துக்கொள்ளும். வழி கிடைத்ததும் அழுத்தமும் வேகமும் இறங்கிவிடும். ஆக, தண்ணீர் எவ்வளவு என்பது மட்டுமல்ல கேள்வி. அது தேங்கி நிற்கிறதா, ஓடுகிறதா, பனியாறு அரைத்துப்போட்ட மண்ணுக்குள் ஊறிக் கிடக்கிறதா என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

முதல் வருஷம் எனக்குப் பழகிய ரெசிஸ்டிவிட்டி மீட்டரையே நம்பிப் போனேன். நல்ல பனிக்கட்டியின் மின்தடை லட்சக்கணக்கான ஓம் மீட்டர் கணக்கில் இருக்கும். கம்பியை அடித்தால் கரண்ட் உள்ளே இறங்கவே இறங்காது. தருமபுரியில் சித்திரை வெயிலில் கம்பி அடித்த குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். அதே வைத்தியத்தை இங்கேயும் செய்தோம், உப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சைக் கம்பிக்குச் சுற்றினோம். ஏதோ எண்கள் வந்தன. அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்தது ரேடார். கேட்க எளிதானது: ரேடியோ அலையை மேலிருந்து அனுப்பினால் அடித்தரையில் பட்டுத் திரும்பும். பனிக்குள் அது மைக்ரோ விநாடிக்குச் சுமார் 168 மீட்டர் போகும். 200 மீட்டர் பருமனுள்ள பனியில் எதிரொலி திரும்பிவர 2.4 மைக்ரோ விநாடி. ஆனால் இமயமலையில் இந்த உயரத்துப் பனியாறுகளின் உள்ளே ஆங்காங்கே ஈரம் உண்டு. ரோட்டுக்கு அடியில் குழாய் தேடப் பயன்படுகிற உயர் அதிர்வெண் ரேடாரைக் கொண்டுபோனால் அந்த ஈரத்திலேயே அலை சிதறி, திரை முழுக்கப் பொரிதான். அதனால் சில மெகாஹெர்ட்ஸ் அளவில் அனுப்ப வேண்டும். அதிர்வெண் குறையக் குறைய ஆன்டெனா நீளும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் பனிமேல் பாம்பாக இழுபடும் ஒயர். அதே பள்ளத்தாக்கிலுள்ள சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2009-இல் 4.2 மெகாஹெர்ட்ஸ் ரேடாரை வைத்துத்தான் பருமன் பார்த்தார்கள். 4,400 மீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட 270 மீட்டர் பனி இருந்தது.

ரேடாருக்குத் தண்ணீர் பளிச்சென்று தெரியும். பிரச்சினை, மற்ற சிலதும் பளிச்சென்று தெரியும் என்பது. பக்கவாட்டு மலைச்சரிவில் பட்டு வரும் எதிரொலிகூட அடியிலிருந்து வந்ததைப்போல வேஷம் போடும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி எடுத்துப் பேசும் கதை ஒன்று உண்டு. பிரான்சில் மோன் பிளாங் மலையில் தெத் ரூஸ் என்ற சின்னஞ்சிறு பனியாறு. 1892 ஜூலை 12 விடியுமுன் அதன் உள்ளே தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு கீழே சேன்-ஜெர்வே பள்ளத்தாக்கில் இறங்கியது. 175 பேர் இறந்தார்கள். மறுபடி நீர் தேங்காமலிருக்கச் சுரங்கம் வெட்டி, நூறு வருஷத்துக்கும் மேலாகப் பராமரித்தார்கள். இனியும் அந்தச் செலவு தேவையா என்று தெரிந்துகொள்ளத்தான் 2007-இல் ஆய்வாளர்களை அழைத்தார்கள். ரேடாரில் ஏதோ ஒன்று தெரிந்தது. அதை மட்டும் வைத்து அவர்கள் ஊரைக் காலி செய்யச் சொல்லவில்லை. 'ஒன்றுமில்லை' என்றும் சொல்லிவிடவில்லை. 2009-இல் காந்த ஒத்ததிர்வு முறையைக் கொண்டுவந்தார்கள். மருத்துவமனை எம்ஆர்ஐயின் அதே தத்துவம்தான், ஆனால் பனிமேல் பெரிய ஒயர் வளையம் விரித்துச் செய்வது. இதில் உறைந்த நீர் சத்தமே காட்டாது, உறையாத நீர் மட்டுமே பதில் சொல்லும். கணக்கு சுமார் 55,000 கன மீட்டர் என்று வந்தது. துளை போட்டுப் பார்த்து உறுதி செய்தபின், 2010-இல் 47,700 கன மீட்டரைப் பம்ப் வைத்து இறைத்தார்கள். கீழே ஊர் அப்படியே இருந்தது. இந்த முறையில் எனக்குப் பொறாமை உண்டு. அந்தக் கருவி எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது.

எங்களிடம் இருந்தது சம்மட்டி. பனிமேல் இரும்புத் தகடு வைத்து ஓங்கி அடித்தால், அதிர்வு அடிக்குப் போய்த் திரும்பிவருவதை ஜியோபோன்கள் பிடிக்கும். அடியில் பாறை என்றால் எதிரொலி நேராக வரும். தண்ணீர் என்றால் தலைகீழாக வரும். நீர் ஊறிய மென்மண் என்றால் அதன் குணம் பனியோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால் எதிரொலி முனகலாகத்தான் இருக்கும். பகலில் உருகுநீர் ஓடைகளின் இரைச்சல் ஜியோபோனை நிரப்பிவிடும். வெயில் பட்டால் அதன் உலோக முளை சூடாகி, பிடித்திருந்த பனி இளகி ஆடத் தொடங்கும். எனவே வேலை விடியற்காலை நாலு மணிக்கு. கையுறையோடு ஒயர் மாட்ட முடியாது. கழற்றினால் விரல் சொன்னபடி கேட்காது.

மூன்றாம் வருஷம். 10 மீட்டருக்கு ஒன்றாக 24 ஜியோபோன். காலைச் சாப்பாட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு ஜியோபோனுக்கு ஒரு சேனல். 9 முதல் 12 வரையான சேனல்களில் அடித்தரை எதிரொலி சுத்தமாகத் தலைகீழ். எதிரொலி படுவது சம்மட்டிக்கும் ஜியோபோனுக்கும் பாதி வழியில் என்பதால், அடியில் பதினைந்து மீட்டர் அகலத்துக்கு ஒரு நீர்த்தேக்கம்! சமையல் கூடாரத்திலேயே கத்திவிட்டேன். அன்று ராஜ்மாவுக்குப் பதிலாக அல்வா கிண்டினார்கள். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

குழுவில் ராசிபுரத்துப் பெண் ஒருத்தி, முதல் வருஷ ஆராய்ச்சி மாணவி. அல்வாத் தட்டோடு வந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணா, மேல் பகுதிய மறைச்சு வெச்சிருக்கீங்களே, அத எடுத்துட்டுப் பாக்கலாமா?"

ஆழத்து எதிரொலி தெளிவாகத் தெரிய வேண்டுமென்று, பனிமேல் நேராக ஓடிவரும் முதல் அதிர்வை நான் மறைத்து வைத்திருந்தேன். எடுத்தோம். அந்த நாலு சேனலில் முதல் அதிர்வும் தலைகீழ். தண்ணீர் இருப்பது அடியில் என்றால், அடிக்கே போகாத அலை எதற்குக் கவிழ வேண்டும்?

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வருவதற்கு முன் நாலு ஜியோபோனின் கிளிப் துருப்பிடித்திருந்ததால் நானே புதிதாகப் பற்றவைத்தேன். பழைய கிளிப் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். மாற்றி மாட்ட முடியாது. நான் வாங்கிப் போட்டது இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். நாலிலும் ஒயர் இடம் மாறியிருந்தது. மண்டையில் ஏறாமல் போனதற்கு உயரத்தைக் குறை சொல்லலாம்தான். ஆனால் பற்றவைத்தது கடல் மட்டத்தில்.

"விடுங்கண்ணா, அல்வா நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள் ஒயரை மாற்றி அதே இடத்தில் அடித்தோம். பாறை. ஜியோபோன் வரிசையின் கீழ்க்கோடியில், நான் முந்தின நாள் கண்டுகொள்ளாமல் விட்ட ஐந்தாறு சேனல்களில்தான் விஷயம் இருந்தது: அங்கே எதிரொலி அநேகமாக இல்லை. இருபது சம்மட்டி அடிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஒரு முனகல் தெரிந்தது. அறிக்கையில் எழுதினேன்: 'நீர் ஊறிய மென்மண் படுகை இருக்கக்கூடும். திறந்த நீர் என்பதற்குச் சான்று இல்லை.' அந்த இரண்டு வரியை எழுத ஒரு மாலை முழுக்க ஆனது.

எங்களுக்கு மூட்டை தூக்கிய லாஹௌல்காரர் ஒருவர், ஊரில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். இரவு அடுப்பருகே, இத்தனை சம்மட்டி அடித்தீர்களே, கடைசியில் தண்ணீர் கிடைத்ததா என்று இந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் யோசித்து, "கீச்சட்" என்றேன். சேறு.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அது என் வயலிலேயே இருக்கிறதே சாப்" என்றார்.