மூன்றரை மணிக்கே ஆறு மணிக் கையெழுத்து

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது போன ஐப்பசியில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. 22 நாள் கழித்து டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்தபோது மூக்கில் கஞ்சி ஊற்றும் குழாயான ரைல்ஸ் டியூப், கட்டிலோரம் யூரின் பை. அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். என் வீடு இரண்டாவது மாடி. அவ்வளவு பெரிய ஆளைத் தனியாகப் புரட்டிப் போட இந்த வயதில் என் இடுப்பு தாங்காது.

"ஹோம்ல சேர்க்கிறது தப்பா அத்தை?" என்று கேட்டு அழுதாள்.

"தப்பில்லைம்மா. ஆனா நான் பார்க்காம எங்கேயும் அட்வான்ஸ் கட்டிடாதே" என்றேன்.

31 வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஹோம்களாகத் திருச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐந்து இடங்கள் பார்த்தோம். அண்ணன் மகள் கேட்டாள் என்பதற்காக அப்போது குறித்து வைத்ததை இங்கே எழுதுகிறேன். இன்னொரு வீட்டில் இதே கேள்வியோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் இடத்தில் அதிக நேரம் இருக்கவில்லை. வரவேற்பறையில் ஏசி, மீன் தொட்டி, சுவரெல்லாம் பொங்கல் விழாப் படங்கள். படுக்கையில் கிடப்பவர்களை வைத்திருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்டில் சக்கர நாற்காலி போகும், ஸ்ட்ரெச்சர் போகாது. ராத்திரி ஒருவருக்கு மூச்சு முட்டினால் எப்படி இறக்குவீர்கள் என்று கேட்டேன். "நாலு பேர் தூக்கிடுவோம் மேடம்" என்றார் மேலாளர். ராத்திரியில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று கேட்டேன். இரண்டு பேராம். கிளம்பிவிட்டோம்.

இரண்டாவது இடம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. சுத்தமான இடம், புதுக் கட்டில்கள், எல்லாவற்றிலும் காற்று மெத்தை. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு அட்டை, அதில் புரட்டிப் போடும் சார்ட். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடது, மல்லாக்க, வலது என்று மாற்றிப் போட வேண்டும். காற்று மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். சார்ட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரவாயில்லையே, முறையாகச் செய்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு கையில் எடுத்தேன்.

மணி அப்போது மூன்றரை. சார்ட்டில் நான்கு மணிக்கு "இடது" என்று எழுதி டிக் போட்டு, பக்கத்தில் கையெழுத்து. ஆறு மணிக்கு "வலது", டிக், அதே கையெழுத்து. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. அந்தக் கட்டிலில் இருந்த பாட்டி மல்லாக்கக் கிடந்தார். அனுமதி கேட்டுப் போர்வையை விலக்கி அவர் குதிகாலைப் பார்த்தேன். மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். விரலை வைத்தேன். அந்த இடம் மட்டும் சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருந்தது. அழுத்தி எடுத்தும் நிறம் மாறவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் படி அது. அப்போதே குதிகாலுக்கு அழுத்தம் விழாமல் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் புண்ணாகாமல் காப்பாற்றிவிடலாம். விட்டால் தோல் உரியும், சதை அழுகும், எலும்பு வரை போகும். வார்டில் எலும்பு தெரியும் புண்களுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். அந்த வாடையை மறக்க முடியாது.

பொறுப்பில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். தனியாகக் கூப்பிட்டு, குதிகாலைக் காட்டி, தலையணை வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். பயந்த முகத்தோடு கேட்டுக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 14 பேருக்கு ஒருத்தியை நிற்க வைத்துவிட்டு, சாயங்காலம் சார்ட் நிரம்பியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் நிரப்பிவிட்டாள். உரிமையாளரிடம் நேராகவே சொன்னேன். அவருக்கு முகம் கறுத்தது.

மூன்றாவது இடத்துக்குக் காலை பதினொரு மணிக்குப் போனோம். ஹாலில் 12 கட்டில், 12 பேரும் தூக்கம். முதியவர்கள் பகலில் கண்ணயர்வது சகஜம்தான். ஆனால் 12 பேரில் ஒருவர்கூட இருமவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, நாங்கள் உள்ளே போனதும் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தூக்க மாத்திரை யாருக்கெல்லாம் கொடுக்கிறீர்கள், எந்த டாக்டர் எழுதினார் என்று கேட்டேன். மருந்துச் சீட்டெல்லாம் ஆபீஸில் இருக்கிறது, சாவி இல்லை என்றார்கள். மாத்திரை கொடுக்கிற இடத்தில் சீட்டு இல்லை என்றால் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்? அங்கிருந்த ஃப்ரிட்ஜையும் திறந்தேன். இன்சுலின் குப்பிகள் பாலுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் கிடந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை, திறந்த தேதி இல்லை. திறந்த குப்பியைப் பெரும்பாலும் 28 நாளைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. தேதி எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்?

நான்காவது இடத்தில் ஒரு பெரியவரை நாற்காலியோடு சேர்த்துப் பழைய வேட்டியால் கட்டியிருந்தார்கள். எழுந்து நடந்து விழுந்துவிடுகிறாராம். எனக்கு ஏர்வாடி ஞாபகம் வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைத்து வைத்திருந்ததால் 28 பேர் வெளியே ஓட வழியில்லாமல் வெந்து போனார்கள். வேட்டிதானே, சங்கிலி இல்லையே என்று அந்த மேலாளர் சொன்னார். புகை சூழும்போது வேட்டி முடிச்சை அவிழ்க்கப் போவது யார்? கட்டிலைத் தாழ்வாகப் போடலாம், பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைக்கலாம், ராத்திரி விளக்கு எரியவிடலாம். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அங்கே பின் வாசல் கதவிலும் பூட்டு தொங்கியது. அதற்கு முன்னால் அரிசி மூட்டைகள்.

ஐந்தாவது இடம் பழைய ஓட்டு வீடு. 18 கட்டில், எல்லாம் தரைத்தளம். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அண்ணன் மகளுக்குப் பார்த்ததும் பிடிக்கவில்லை. உள்ளே நுழைந்தபோது ஒரு கட்டிலருகே மூத்திர வாடை அடித்தது, ஒரு ஆயா அந்தத் துணியைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார். அது அன்றாடம் நடப்பது. மெத்தையில் ஊறிப்போய் வீடு முழுக்க நிற்கும் வாடை வேறு, அதை மறைக்க ஊற்றும் பினாயில் வாடை வேறு. இங்கே இரண்டும் இல்லை.

"படுக்கைப் புண் யாருக்காவது இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டேன். மற்ற நான்கு இடத்திலும் "ஒருத்தருக்கும் இல்லை" என்ற பதில்தான் வந்தது. இந்த சிஸ்டர், "ரெண்டு பேருக்கு இருக்கு. ஒருத்தர் வரும்போதே புண்ணோட வந்தார். இன்னொருத்தருக்கு இங்கே வந்துதான் ஆச்சு, காய்ச்சல்ல கிடந்த வாரம்" என்று சொல்லி, எத்தனை சென்டிமீட்டர் இருந்தது, இப்போது எவ்வளவு ஆறியிருக்கிறது என்று எழுதிய நோட்டையும் காட்டினார். அந்த நோட்டைப் பார்த்ததுமே இங்கேதான் என்று என் மனதில் பட்டுவிட்டது.

இருந்தாலும் சொல்லாமல் ஒரு ராத்திரி போனேன், ஒன்பதரைக்கு. கேட்டைத் திறக்க இரண்டு நிமிடம் ஆனது, காக்க வைக்கவில்லை. ஒருவருக்கு மூக்குக் குழாயில் கஞ்சி போய்க்கொண்டிருந்தது. தலைப்பக்கம் கட்டிலை நன்றாக உயர்த்தி வைத்திருந்தார்கள். படுக்க வைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்துவிடும். ஊற்றி முடித்த பிறகும் அரை மணி நேரமாவது தலையை இறக்கக் கூடாது. அந்த ஆயா முடிந்ததும் இறக்குகிறாரா என்று பார்க்கவே நான் உட்கார்ந்திருந்தேன். அவர் இறக்கவில்லை. யூரின் பைகளும் தரையில் படாமல், இடுப்புக்குக் கீழே கொக்கியில் தொங்கின. ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று திட்டினார், அதுவும் அந்த ஆயாவின் காதில் விழவே திட்டினார். பயமில்லாமல் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தது.

காகிதங்களையும் பார்த்தோம். நர்ஸிங் ஹோம் மாதிரி சிகிச்சை தருகிற இடமென்றால் 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்க வேண்டும். எந்த நேரமும் வந்து பார்க்கலாம், தூக்க மாத்திரை தொடங்கும் முன் எங்களைக் கேட்க வேண்டும், அவசரமென்றால் எந்த மருத்துவமனை, முதலில் யாருக்குப் போன் என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டோம். முதியவரை அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம். அந்த எண்ணை நான் கடந்து வந்த ஒரு இடத்துக்காக ஏற்கெனவே ஒரு முறை கூப்பிட்டுவிட்டேன்.

அண்ணன் அங்கே போய் ஐந்து மாதம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை, வேறு வேறு நேரத்தில் போகிறேன். என்னைப் பார்த்ததும் இடது காலைப் போர்வைக்கு வெளியே நீட்டுகிறார், குதிகாலைப் பார்க்கச் சொல்லி. வலது காலை நான் எடுத்துப் பார்ப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை அவருடைய சார்ட்டில் ராத்திரி இரண்டு மணிக் கட்டம் காலியாக இருந்தது. சிஸ்டரிடம் கேட்டேன். "அன்னைக்கு ஒரு ஆள் லீவும்மா. இருந்த பொண்ணு அசந்துட்டா, மூணேகாலுக்குத்தான் புரட்டினா. செய்யாததை எழுதாதேன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். கீழே 3.15 என்று தனியாகக் குறித்திருந்தது. உரிமையாளரிடம் பேசினேன், ராத்திரிக்கு இன்னொரு ஆள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி போய்ப் பார்க்க வேண்டும்.