ரெய்ட் இருந்தும் பேக்கப்தான் கைகொடுத்தது

நான்கு ஹார்ட் டிஸ்க்கும் நல்லாகவே இருந்தன. போனது அவற்றை ஒன்றாகச் சேர்த்து இயக்கிய ரெய்ட் கார்ட். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. பில், ஸ்டாக், கடன் கணக்கு எல்லாம் டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரே சேர்வரில். நல்ல வியாபார நேரத்தில் எல்லாக் கவுண்டரும் நின்றுபோனது. சேர்வரை மறுபடி போட்டால் டிஸ்க் எதுவும் இல்லை என்கிறது.

தரவைப் பல டிஸ்க்கில் பரப்பி வைக்கும் ரெய்ட் 5 இருக்கிறதே என்று முதலாளி தைரியமாக இருந்தார். அது காப்பாற்றுவது ஒரு டிஸ்க் போனால்தான். கார்டே போனால், தரவை அது டிஸ்க்குகளில் எப்படிப் பிரித்து வைத்தது என்பது அந்தக் கார்ட் இனத்துக்குத்தான் வெளிச்சம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாகக் கேட்டோம். அந்தப் பழைய மாடல் ஒருவரிடமும் இல்லை. சாதாரண மெஷின் ஒன்றும் இரண்டு டிஸ்க்கும் வாங்கி, கார்ட் இல்லாமல் லினக்ஸின் எம்டிஅட்மின் என்ற மென்பொருளிலேயே ரெய்ட் 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு) போட்டேன். இனி மதர்போர்ட் எரிந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் மெஷினில் மாட்டிப் படிக்கலாம். சின்னக் கடைக்கு ஹார்ட்வேர் ரெய்ட் வீண் என்பது என் பிடிவாதம்.

பேக்கப் வெள்ளவத்தையில், முதலாளி வீட்டில். இரவில் ஆர்சிங்க் என்ற கொப்பி மென்பொருள் மாறியவற்றை மட்டும் அனுப்புவதால் இணைப்பு போதும். ஆனால் முழுதாகத் திருப்பி எடுக்க வேண்டியது 600 ஜிபி. வீட்டு அப்லோட் 10 எம்பிபிஎஸ். கணக்குப் போட்டால் ஐந்தரை நாள்! டிஸ்க்கையே கழற்றி ஓட்டோவில் காலி வீதி (கோல் ரோட்) வழியாகக் கொண்டுவந்தோம்.

கோப்புகள் இறங்கி முடிந்ததும் முதலாளி கேட்டார்: "எல்லாம் கொப்பி ஆகிட்டுதே தம்பி, இனி ஓடும்தானே?"

ஓடாது. உண்மையான வேலையே அதற்கப்புறம்தான். பழைய சேர்வர் பயோஸ் என்ற பழைய முறையில் பூட் ஆனது, புதியது யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில். அதற்கு வேண்டிய இஎஃப்ஐ பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பூட் பகுதி) பழைய பேக்கப்பில் எப்படி இருக்கும்? அதை ஃபாட்32 வடிவத்தில் புதிதாக உருவாக்கி, யூஎஸ்பியிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸிலிருந்து சீரூட் கட்டளையால் இறக்கிய சிஸ்டத்துக்குள் போய், யூஇஎஃப்ஐக்கான கிரப் என்ற பூட் லோடரை நிறுவினேன். எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய யூயூஐடிகளை (பார்ட்டிஷன் அடையாள எண்கள்) மாற்ற வேண்டும். பலர் தவறவிடும் இடம் இன்னொன்று: முன்பு ரெய்டைக் கார்டே பார்த்துக்கொண்டதால் அந்த டெபியனில் எம்டிஅட்மினே இல்லை. அதை நிறுவி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பிக்காவிட்டால், சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைக் காணாமல் பூட் பாதியில் நின்றுவிடும்.

பேக்கப் எடுக்கும்போதே ஆர்சிங்க்கிடம் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அல்ல, எண்ணாலேயே வைக்கச் சொல்வதும் முக்கியம். பேக்கப் வாங்கும் மெஷினில் அதே பெயருக்கு வேறு எண் இருந்தால், திருப்பி எடுத்த பிறகு டேட்டாபேஸால் தன் கோப்பையே திறக்க முடியாது. நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறியிருந்தது. பழைய ஐபி அமைப்பைப் புதிய பெயருக்கு எழுதியதும் கவுண்டர்கள் சேர்வரைக் கண்டுபிடித்தன.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கொப்பி எடுத்த கோப்புகளை நான் நம்புவதில்லை. இரவு எடுத்த டம்ப்பை (டேட்டாபேஸ் தானே எழுதித் தரும் பிரதி) இறக்கினேன். அப்படியென்றால் அன்று காலையில் அடித்த பில்கள் கிடையாது. கவுண்டரில் இருந்த கார்பன் பிரதிகளை எடுத்துவைத்து, கணக்குப் பிள்ளை அதே வரிசையில் திரும்ப அடித்தார். வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில் எண்ணும் இதுவும் ஒன்றாக வர வேண்டுமே! நடுவில் ரத்தான ஒரு பில்லின் எண் இடித்தது. அதையும் ஒரு வெற்று பில்லாகப் போட்டு ரத்து செய்த பிறகு மீதியெல்லாம் சரியாக வந்தன.