த்ரொட்டில் இறுகினால் முதலில் ஒயில் விடாதீர்கள்: விமானப் பராமரிப்புச் செய்முறைப் பரீட்சைக்கு

லாண்ட் மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரத்தோடும் மோட்டார் சைக்கிளோடும் வளர்ந்த வன்னிப் பிள்ளைகளுக்குக் கேபிள் புதிதல்ல. கிளச் இறுகினால் மேல்முனையில் பொலித்தீனைச் சுற்றிக் கட்டி, ஒயிலை ஊற்றி, இரவு முழுக்க வடியவிடுவார்கள். செய்முறைப் பரீட்சையில் அந்தக் கைப்பழக்கம்தான் புள்ளியைக் குறைக்கும்.

மோட்டார் சைக்கிள் கேபிள் இழுக்க மட்டுமே. திருப்பிக் கொண்டுவருவது ஸ்பிரிங். சிறிய விமானத்தில் எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டில், எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் ஆகியவற்றின் கேபிள்கள் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். பலவற்றின் உறைக்குள் டெஃப்லோன் குழாய் இருக்கும். அதில் ஒயில் விட்டால் தூசி பிடித்துப் பசையாகும். கறள் இளக்கும் ஸ்பிரே உள்ளே இருந்த கிறீஸையும் கழுவிவிடும். அன்றைக்கு இலகுவாகி, பிறகு முன்னையதைவிட இறுகும். பராமரிப்புக் கையேடு சொன்னால் மட்டும், அது சொன்ன கிறீஸை மட்டும் போடுங்கள்.

தொடங்குமுன் மக்னீற்றோ (எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கருவி) சுவிட்ச் ஓஃப், திறப்பு வெளியே, மாஸ்டர் (பிரதான மின் சுவிட்ச்) ஓஃப், சில்லுக்குக் கட்டை. அப்போதும் புரொப்பெல்லரின் வீச்சுக்குள் நிற்கக் கூடாது: மக்னீற்றோவின் எர்த் வயர் அறுந்திருந்தால் சுவிட்ச் ஓஃப் என்று காட்டினாலும், புரொப்பெல்லர் சற்றுத் திரும்பினாலே எஞ்சின் உதைக்கக்கூடும். அடுத்து, த்ரொட்டில் குமிழ் தானாக நகராமல் பிடிக்கும் உராய்வுப் பூட்டைத் தளர்த்திப் பாருங்கள். சிலவேளை பிழையே அதுதான்.

இனித்தான் முக்கியமான வேலை. காபுரேற்றர் கையிலிருந்து (கேபிள் அசைக்கும் நெம்புகோல்) கேபிளைக் கழற்றி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அசையுங்கள். காபுரேற்றர் கை இறுகினால் பிழை காபுரேற்றர் தண்டில். அது இலகுவாக ஓடி, கேபிள் இறுகினால் பிழை கேபிளில். இரண்டும் இலகுவென்றால் இணைப்பைப் பாருங்கள்: ரொட் என்ட் (கேபிள் முனையிலுள்ள பந்து மூட்டு) காய்ந்திருக்கலாம், இழுவை கோணலாகியிருக்கலாம். இப்படிப் பிரிக்காமல் கேபிளை மாற்றச் சொல்பவர் ஊகிக்கிறார். பரீட்சகருக்கு அது உடனே விளங்கும்.

கேபிளில்தான் என்றால் கிளாம்ப்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு தடவையும் குமிழை அசையுங்கள். எந்தக் கிளாம்பைத் தளர்த்தியதும் இலகுவாகிறதோ, அங்கேதான் உறை நசுங்கியிருக்கிறது அல்லது கேபிள் வலிந்து வளைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் சூடான பிறகு மட்டும் இறுகினால், கேபிள் எக்ஸோஸ்ட் குழாய்க்கு எவ்வளவு கிட்டப் போகிறதென்று பாருங்கள், உள்குழாய் உருகியிருக்கலாம். மடங்கியது, நார் பிரிந்தது, உள்ளே கறள் பிடித்தது எல்லாம் மாற்ற வேண்டியவை, திருத்துவதற்கில்லை.

பொருத்தும்போதுதான் கூடுதலானவர்கள் தவறுகிறார்கள். ரொட் என்ட்டில் உள்ள சோதனைத் துளைக்குள் மெல்லிய கம்பி நுழைந்தால் கேபிள் முனையின் புரி போதிய அளவு உள்ளே ஏறவில்லை. சுழலும் மூட்டில் தானாக இறுகும் நட்டை மட்டும் நம்பக் கூடாது. துளைபோட்ட போல்ட், கோட்டை நட் (பின் போட வெட்டுள்ள நட்), புதிய ஸ்பிளிட் பின் வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடவே கூடாது. மூட்டின் பந்து கழன்றாலும் ரொட் என்ட் காபுரேற்றர் கையைவிட்டு விலகாதிருக்க அகல வாசர் போடுங்கள். குமிழ் பனலில் முட்டுவதற்கு முன் காபுரேற்றர் கை தன் நிறுத்தியில் முட்ட வேண்டும். இரு முனையிலும் சுமார் 3 மில்லிமீற்றர் மிச்சம் இருக்கும், சரியான அளவு கையேட்டில் உள்ளது. கடைசியில் வேறொருவர் தனியாகச் சோதித்துக் கையொப்பமிட வேண்டும். இதைப் பரீட்சகர் கேட்குமுன் நீங்களாகவே சொல்லுங்கள்.

வீட்டிலேயே பழகலாம். பழைய கிளச் கேபிளைச் சிறு வட்டமாகச் சுருட்டி இழுத்துப் பாருங்கள், பிறகு நேராக்கி இழுங்கள். வளைவு எவ்வளவு பாரம் கூட்டுகிறதென்று கை சொல்லும். வெயில் காலத்துக் கிரவல் தூசி பட்ட லாண்ட் மாஸ்டர் கேபிளின் உள்வயரை வெள்ளைத் துணியால் துடைத்தால், ஒயிலும் செம்மண்ணும் கலந்த பசை துணியில் வரும். ஒயில் விட வேண்டாம் என்றது இதனால்தான்.