அம்மாவோடு பாலிக்கு, பிசினஸ் கிளாஸில்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இரவு விமானம். கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். விளக்குகளை அணைத்துவிட்டார்கள். சுற்றி எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா காலை நீட்டிப் படுத்திருந்தார். கழுத்து வரை போர்வை. கண் மட்டும் திறந்திருந்தது, நடைபாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கம் வரலையாம்மா?"

"அந்தப் பொண்ணப் பாரு. இதோட நாலாவது தடவ வந்து பாத்துட்டுப் போகுது. செருப்புச் சத்தமே கேக்கல."

அம்மா 31 வருஷம் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். நைட் டியூட்டி என்றால் ஆண்டு அனுபவித்தவர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில்தான் வீட்டுக்கு வருவார். தலை பின்னிவிட்டு, டப்பா கட்டிக் கொடுத்து, அப்புறம் படுப்பார். பத்து மணிக்குக் கேஸ்காரர் வருவார், பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டில் யாருக்காவது ஊசி போட வேண்டியிருக்கும். முழுசாகத் தூங்கி எழுந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. இப்போது 67 வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது. பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் பாதம் வீங்கிவிடும். அவரை ஒரு தடவையாவது நன்றாகப் படுக்க வைத்து எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் காரணம். பாலி என்பது அவர் தேர்ந்தெடுத்தது. டிவியில் பார்த்த பச்சை வயல்களுக்காக.

டிக்கெட் எடுத்தது மைல்களில், அதாவது விமான நிறுவனம் தரும் பரிசுப் புள்ளிகளில். காசு கொடுத்து எடுக்கிற வசதி எனக்கு இல்லை. நாலு வருஷமாக மளிகை, கரண்ட் பில், அம்மாவின் மருந்து எல்லாவற்றையும் ஒரே கிரெடிட் கார்டில் போட்டுச் சேர்த்த பாயிண்டுகளை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் கணக்குக்கு மாற்றினேன். ஒன்று கவனியுங்கள்: மாற்றிய பிறகு அந்த மைல்களுக்கு மூன்று வருஷம்தான் ஆயுள். அதனால் பாயிண்டுகள் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும், பயணத் தேதி முடிவான பிறகு மாற்றுங்கள். குறைந்த மைலில் கிடைக்கும் 'சேவர்' இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். எங்களுக்குச் சென்னை–சிங்கப்பூர் இருக்கை காத்திருப்புப் பட்டியலில் இருந்துதான் உறுதியானது. அந்த மின்னஞ்சல் வந்த அன்று அலுவலகத்திலேயே கண் கலங்கிவிட்டது.

சக்கர நாற்காலி பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குப் பிசினஸ் கிளாஸ் தேவையில்லை. எந்த வகுப்பில் போனாலும் முன்கூட்டியே கேட்டால் இலவசமாகவே தருவார்கள். வயதானவர்களைக் கூட்டிப்போகிற பலர் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அம்மாவும் முதலில் "நான் என்ன பேஷண்டா?" என்று முறைத்தார். நாற்காலியைத் தள்ளி வந்த பையன், "எங்க அம்மாவும் உங்கள மாதிரிதாம்மா, கேக்கவே மாட்டாங்க" என்றதும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டார்.

விமானம் போயிங் 787-10. முன்பக்கத்தில் 36 பிசினஸ் இருக்கைகள், ஒரு வரிசைக்கு நாலு: ஜன்னலோரம் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு. நடு இரண்டும் எங்களுக்கு. இடையில் இருக்கும் தடுப்பை இறக்கிவிட்டால் பேசிக்கொண்டே போகலாம். பொத்தானை அழுத்தினால் இருக்கை அப்படியே தட்டையாகப் படுக்கையாகிவிடும். நீளம் 76 அங்குலம், அதாவது ஆறடிக்கும் மேலே. அம்மாவுக்கு அஞ்சடி ஒரு அங்குலம்தான். தலைமாட்டில் தலையணை போக, கால்மாட்டில் கைப்பையை வைக்கவும் இடம் இருந்தது. கால் முட்டி மடங்காமல் நீண்டு கிடந்ததை நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த 787 ரக விமானத்தில் இன்னொரு நல்ல விஷயமும் உண்டு. பழைய ரக விமானங்களில் உள்ளே காற்றழுத்தம் கிட்டத்தட்ட 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல ஆகிவிடும், கொடைக்கானலை விட உயரம். 787-ன் உடல் கார்பன் இழைக் கலவையால் ஆனது, அதிக அழுத்தத்தைத் தாங்கும். அதனால் உள்ளே 6,000 அடி அளவிலேயே வைத்திருக்க முடிகிறது. காற்றில் ஈரப்பதமும் கூடுதல். இறங்கும்போது தலை கனக்கவில்லை, தொண்டை வறளவில்லை. இது பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்துக் கிடைக்கிற வசதி என்பதில் எனக்குச் சந்தோஷம்.

அம்மா மட்டும் தூங்கவில்லை. அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், அந்தப் பணிப்பெண்களின் வேலையை.

"ஒருத்தி நீலம், ஒருத்தி பச்சை. பச்ச சீனியர் போல" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. எனக்கு ஆச்சரியம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் உடுத்தும் சரோங் கபாயாவில் நிறம்தான் பதவி. நீலம் முதல் படி, பச்சை அடுத்தது, அப்புறம் சிவப்பு, எல்லோருக்கும் மேலே ஊதா. 1968-ல் பியேர் பால்மேன் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் உருவாக்கிய உடை அது. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா யார் யாரிடம் கேட்டுவிட்டு வேலை செய்கிறார்கள் என்று பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

விடிகாலை மூன்று மணி இருக்கும். அம்மா டீ கேட்டார். அந்த நேரத்துக்கு டீ குடிக்கிற பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. நீலக் கபாயாப் பெண் பீங்கான் கோப்பையில் கொண்டுவந்து, பிடி அம்மாவின் வலது கைப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார். "சர்க்கரை போட்டுக் கலக்கட்டுமா ஆன்ட்டி?" என்று தமிழில் கேட்டார். சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண். அம்மா கோப்பையைத் தொடவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்தார்.

"நீ குடிச்சியாம்மா?"

அவர் ஒரு வினாடி அப்படியே நின்றார். "இனிமேதான் ஆன்ட்டி."

"குடிச்சிரு. மூணு மணிக்கு மேலதான் கண்ணு சொருகும். கால மாத்தி மாத்தி வச்சு நில்லு, ஒரே கால்ல பாரம் போடாத. வெரிகோஸ் வந்துரும்."

"எங்க அம்மாவும் இதேதான் சொல்வாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அம்மா அதன் பிறகுதான் டீயைக் குடித்தார். குடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, படுத்திருந்தாலும் கணுக்காலைச் சுற்றிக்கொண்டே இரு, ரத்தம் கட்டக் கூடாது என்று எனக்கும் ஒரு பாடம் நடத்தினார்.

சாங்கி விமான நிலையத்தில் மூன்று மணி நேர இடைவெளி. டெர்மினல் 3-ல் உள்ள சில்வர் கிரிஸ் லவுஞ்சில், அதாவது பிசினஸ் பயணிகள் காத்திருக்கும் ஓய்வறையில், குளியலறை இருந்தது. வெந்நீரில் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு வந்த அம்மாவைப் பார்க்கப் புது ஆளாக இருந்தது. நேரம் இருந்தால் அதே டெர்மினலில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது, பார்த்துவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து பாலிக்கு இரண்டே முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கிளம்பிய கால் மணி நேரத்தில் பூமத்திய ரேகையைத் தாண்டிவிடுவோம். அதைச் சொன்னதும் அம்மா ஜன்னல் வழியாகக் குனிந்து தேடினார். கீழே கடலும் மேகமும்தான். காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வெந்த சாதம், சம்பல், வறுத்த நெத்திலி, வேர்க்கடலை. நெத்திலியை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுவிட்டு, "சாதத்துல இன்னும் கொஞ்சம் உப்பு வேணும்" என்றார். மேலே பறக்கும்போது நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டுப்பட்டுத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் அம்மா தரையிலும் இதையேதான் சொல்வார்.

டென்பசார் ஙுரா ராய் விமான நிலையத்தின் ஓடுபாதை மேற்கு முனையில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. டச்சுப் படையை எதிர்த்து 1946-ல் போரில் உயிர்விட்ட பாலி வீரர் இ குஸ்தி ஙுரா ராயின் பெயர் அது. இறங்கியதும் வகுப்பு வித்தியாசம் முடிந்துவிடும். வருகை விசாவுக்கு ஆளுக்கு 5 லட்சம் இந்தோனேசிய ரூப்பியா, 2024 பிப்ரவரியிலிருந்து பாலி மாகாணம் வாங்கும் சுற்றுலாக் கட்டணம் 1.5 லட்சம் ரூப்பியா. இரண்டையும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கட்டிவிட்டுப் போனால் வரிசை குறையும்.

சானூரில் தங்கினோம். கிழக்குக் கரை. அலை தூரத்திலேயே பவளத்திட்டில் உடைந்துவிடுவதால் கரையில் தண்ணீர் குளம்போல இருக்கும், முட்டி வலி உள்ளவர்கள் தைரியமாக இறங்கலாம். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தினமும் காலையில் அரை மணி நேரம் தண்ணீரில் நின்றார்.

அவருக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அறை வாசலில் தினமும் வைக்கப்படும் சானாங் சாரி. தென்னங்குருத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரத் தட்டு. அதில் கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. மேலே ஒரு ஊதுபத்தி. வைக்கிற பெண் பூவைத் தண்ணீரில் நனைத்து மூன்று முறை தெளித்துவிட்டுப் போவார். அம்மா இரண்டாம் நாளே அவர் பக்கத்தில் உட்கார்ந்து குருத்து மடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஈர்க்குச்சியால் குருத்தைத் தைக்கும்போது அம்மாவின் விரல்கள் தையல் போட்ட பழைய வேகத்தில் ஓடின.

ஜாதிலுவி வயல்களுக்கும் போனோம். சுபக் என்ற அந்த ஊர்ப் பாசன முறைக்காக யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியமாக அங்கீகரித்த இடங்களில் ஒன்று. படிப்படியாக இறங்கும் வயல், ஒவ்வொரு படியிலும் தண்ணீர் சலசலப்பு. டிவியில் பார்த்ததை விடப் பச்சை என்று அம்மா சொன்னார்.

ஆனால் தினமும் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்துவிட்டார். வராந்தாவில் போய் உட்கார்ந்திருப்பார்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் கருத்து: பகல் விமானத்துக்கு, அதுவும் மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற பயணத்துக்கு, பிசினஸ் கிளாஸ் அவசியமில்லை. சிங்கப்பூர்–பாலிக்குச் செலவழித்த மைல்களை மிச்சம் பிடித்திருக்கலாம். இரவுப் பயணத்துக்கு, வயதான உடம்போடு போவதற்கு, கிடைத்தால் விடாதீர்கள்.

திரும்பும்போது சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு மாலை விமானம். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் இருக்கையைச் சாய்க்கச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டோடு பச்சைக் கபாயா அணிந்த பெண் வந்தபோது அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பட்டுமா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். தட்டை அப்படியே வண்டியில் வைத்துவிட்டு, குனிந்து, வெளியே தெரிந்த அம்மாவின் பாதத்தைப் போர்வையால் மூடிவிட்டுப் போனார்.

சென்னை நெருங்கி விளக்குப் போட்டதும்தான் கண் விழித்தார். பதறிப்போய் எழுந்து கைக்கடிகாரத்தைத் தேடினார்.

"மணி என்ன பாப்பா? யாரும் என்னைய எழுப்பலையா?"

"இல்லம்மா. யாரும் எழுப்பல."